ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு நற்கருணை

பல சபைகள் சேர்ந்த எங்கள் சேகரத்தின் தலைவரான போதகர் ஐயரவர்களுக்கும், சேகரக் கமிட்டியின் பெரியவர்களுக்கும்,

கர்த்தருக்குள் ஸ்தோத்திரம்.

இதை நேரில் வந்து சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் கமிட்டி கூடுவது ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து 11 மணிக்கு. அந்த நேரத்தில் நான் திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடையின் இரண்டாம் மாடியில், பட்டுச்சேலைப் பிரிவில் நின்றுகொண்டிருப்பேன். என்னைப்போல் வேறு பலரும் நம் சபையில் இருக்கிறார்கள். அவர்களும் கமிட்டிக்கு வர முடியாதவர்கள். ஆகவே எல்லோரும் படிக்கும்படியாகவே எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். மாதத்தில் ஒரு நாள், வாரநாள் ஒன்றில், விடியற்காலை 6 மணிக்கு நம் கோயிலில், ஆண்டவரின் அப்பத்தையும் ரசத்தையும் வாங்குகிற நற்கருணை ஆராதனை ஒன்று வேண்டும். முக்கால் மணி நேரம் போதும்.

இதைக் கேட்கத் துணிந்தது சென்ற மாதம் நடந்த ஒரு காரியத்தால். சபைப் பதிவேட்டைத் திருத்தினீர்கள். காணிக்கை அட்டையை வாங்கப் போன என் மாமியார், பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே "ஒழுங்காக வருவதில்லை" என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டார். இரவு 10.30 மணிக்கு நான் வீட்டுக்கு வந்தபோது அவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். அவருக்கு 71 வயது. உலை வைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசியை ஆண்டவருக்கென்று தனி டப்பாவில் போடாமல் ஒரு நாளும் சோறு பொங்கியவர் அல்ல. இப்போது காலையில் நான்தான் பொங்குகிறேன், ஆகவே அந்தக் கைப்பிடியும் என் கைப்பிடிதான். என் அரிசி மாதாமாதம் கோயிலுக்கு வருகிறது. என் சங்கக் காணிக்கையும் பாக்கியில்லாமல் வருகிறது. நான் மட்டும்தான் வரவில்லை. எழுதியது பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஏன் வரவில்லை என்று எழுத அந்தப் பதிவேட்டில் ஒரு கட்டம் இல்லையே, அதைத்தான் சொல்கிறேன்.

நான் 2014-ல் இந்த வேலைக்குச் சேர்ந்தேன். காலை 8.10 பஸ். 9 மணிக்குக் கடையில் இருக்க வேண்டும். இரவு கடை அடைத்து, கலைந்த சேலைகளையெல்லாம் மடித்து அடுக்கிவிட்டுப் புறப்படும்போது 9.30 தாண்டிவிடும். வார விடுமுறை உண்டு. எனக்கு அது செவ்வாய்க்கிழமை. நம் தென்னிந்தியத் திருச்சபை உருவான அதே 1947-ல்தான் கடை ஊழியர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் முழு விடுமுறை தரவேண்டும் என்ற சட்டமும் சென்னை மாகாணத்தில் வந்தது. ஆனால் அந்த ஒரு நாள் ஞாயிறாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஜவுளிக்கடைக்கு ஞாயிறுதான் அறுவடை நாள். ஞாயிறு விடுப்புக் கேட்டால் அந்த வாரம் யாருக்காவது சாவு விழுந்திருக்க வேண்டும், அல்லது எனக்குக் காய்ச்சல் அடித்திருக்க வேண்டும்.

"வேறு வேலை பார்க்கலாமே" என்று பெண்கள் ஐக்கியத்தில் ஓர் அக்கா கேட்டார்கள். அன்போடுதான் கேட்டார்கள். என் கணவர் லோடு வண்டி ஓட்டுகிறார். வாழைத்தார் சீசனில் கையில் பணம் இருக்கும், மற்ற மாதங்களில் டீசலுக்கும் தவணைக்குமே சரியாகப் போய்விடும். மூத்தவளை நர்சிங் சேர்க்க வேண்டும், இளையவன் எட்டாம் வகுப்பு. நான் பி.ஏ. வரலாறு படித்தவள். அந்தப் படிப்புக்கு நம் ஊரில் கிடைத்த வேலை இதுதான். இந்த வேலையை எனக்கு ஆண்டவர் கொடுத்தார் என்றுதான் பதினோரு வருடமாக நன்றி சொல்கிறேன். ஆண்டவர் கொடுத்த வேலையையே அவருக்கு விரோதமான காரியம்போல் மற்றவர்கள் பேசும்போது எனக்கு எங்கே நிற்பதென்று தெரியவில்லை.

என் மகள் முதன்முதலாக நற்கருணை எடுத்த திடப்படுத்தல் ஆராதனையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் பேராயர் வந்தது ஆடி மாதத்து ஞாயிறு. ஆடித் தள்ளுபடி நேரத்தில் எந்தக் கடையிலும் விடுப்பு என்ற பேச்சே கிடையாது. ஒரு மாதம் முன்னதாகவே கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை. வெள்ளைச் சேலையை எங்கள் கடையிலேயே நான்தான் தேர்ந்தெடுத்தேன். அன்று காலை 5.30 மணிக்கு அவளை எழுப்பிக் குளிக்கவைத்து, சேலை கட்டிவிட்டு, கொசுவத்துக்கு ஊசி குத்தி, "அவிழ்க்காமல், உட்காராமல் இரு, ஒன்பது மணிவரைக்கும் தாங்கும்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். ஒரு நாளைக்கு நூறு பேருக்குச் சேலையை விரித்துக் காட்டுகிறவள் நான். என் மகள் அந்தச் சேலையில் பீடத்தண்டையில் முழங்காற்படியிட்டதை மதியச் சாப்பாட்டு அறையில், என் கணவர் அனுப்பிய போட்டோவில்தான் பார்த்தேன். அவள் தலையில் பேராயர் கை வைத்தார். அவள் முதன்முதலாக அப்பத்தை வாங்கினாள். அருகில் இருக்க வேண்டியவள் சாம்பார் சாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன்.

அப்போது பக்கத்தில் இருந்தது எங்கள் பிரிவில் வேலை செய்யும் ஒரு முஸ்லிம் சகோதரி. ரமலான் மாதத்தில் நோன்பு துறக்கும் நேரம் வந்தால் அவருக்குப் பதினைந்து நிமிடம் கொடுக்கிறார்கள், அந்த நேரம் அவருடைய வாடிக்கையாளர்களை நான் பார்த்துக்கொள்வேன். அவர் என் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "பிள்ளை நல்லா இருக்கா அக்கா" என்றார். பிறகு, "உங்க ஐயர்கிட்டச் சொன்னா வேற ஒரு நாள் வச்சுத் தரமாட்டாரா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஏனென்றால் நான் அதுவரை கேட்டதே இல்லை. கேட்காதது என் தவறு. இப்போது கேட்கிறேன்.

நம் சபையில் ஞாயிறு வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று ஒரு செவ்வாய்க்கிழமை உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்தே 17 பேர். துணிக்கடை, நகைக்கடைகளில் 7 பேர், ஆஸ்பத்திரியில் நர்சுகள் 3 பேர், நூற்பாலையில் 2 பேர், பெட்ரோல் பங்கில் 2 பேர், பஸ் கண்டக்டர் ஒருவர், போலீஸில் ஒருவர், ஓட்டலில் ஒருவர். இவர்களில் சிலருக்கு ஷிப்ட் மாறி மாறி வருவதால் மாதம் ஒரு ஞாயிறாவது கிடைக்கும். ஆனால் அந்த ஞாயிறும் நம் சபையின் நற்கருணை ஞாயிறும் ஒன்றாக வரவேண்டுமே! ஐயரவர்கள் சேகரத்தின் எல்லாச் சபைகளுக்கும் முறைவைத்துப் போகிறபடியால் நமக்கு நற்கருணை மூன்றாம் ஞாயிறு மட்டும்தான். பெட்ரோல் பங்கில் வேலை செய்யும் தம்பி ஒருவன் ஒன்றரை வருடமாக அப்பத்தைத் தொடவில்லை. திருமணமாகி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. கணவனும் மனைவியுமாக ஒருமுறையாவது சேர்ந்து முழங்காலில் நின்றார்களா என்று நினைத்துப் பார்க்கிறேன்.

பெரியவர்களே, உங்களில் பலரை நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்கிறேன். ஆராதனை முடிந்து சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிக்குக் குடும்பத்தோடு எங்கள் கடைக்கு வருகிறீர்கள். கிறிஸ்மஸ் துணியும் கல்யாணச் சேலையும் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான் எடுக்கிறீர்கள். உங்களைக் கண்டால் எனக்குச் சந்தோஷம். நம் சபைக்காரர்கள் என்று நாற்பது சேலை விரித்துக் காட்டுகிறேன், காபி வரவழைத்துத் தருகிறேன். நீங்கள் வருவதைக் குறையாகச் சொல்லவில்லை, உங்களுக்கும் அன்றுதான் ஓய்வு. ஆனால் நான் எங்கே இருக்கிறேன் என்பதை உங்கள் கண்ணால் கண்டவர்கள் நீங்கள். கண்ட பிறகும் பதிவேட்டில் அப்படி எழுதியதுதான் மனதை அறுக்கிறது. எபிரெயர் நிருபத்திலிருந்து "சபை கூடிவருதலை" விட்டுவிடக்கூடாது என்ற வசனத்தை எடுத்துப் பிரசங்கம் செய்தபோது என் மகள் கோயிலில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்து, "அம்மா, அது உங்களைத்தான் சொன்னாங்களா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை ஒரு பிள்ளையின் வாயில் வைக்காதீர்கள்.

என் தாத்தா பனையேறி. முதலூர்ப் பக்கம் தேரிக்காட்டு ஊர். முதலூர் 1799-ல் கிறிஸ்தவக் கிராமமாக உருவானது என்பதை நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். அந்தக் கிராமங்களின் கோயில்களைக் கட்டியதில் பெரும்பங்கு பனையேறிகளின் உழைப்பு. பனைத்தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரியும், பாளையை தினமும் சீவ வேண்டும். ஒரு நாள் விட்டால் பாளை காய்ந்துவிடும். கலயத்தில் இறங்கிய பதநீரை அன்றே விடிலிக்கு, அதாவது காய்ச்சும் குடிசைக்குக் கொண்டுபோய்க் காய்ச்ச வேண்டும், விட்டால் புளித்துப்போகும். மரத்துக்கு ஞாயிறு தெரியாது. தாத்தா பங்குனியில் பாளை அரிவாளைக் கட்டினால் ஆவணிவரை ஞாயிறும் ஏறினார், இருட்டோடு ஏறி இருட்டோடு இறங்கினார். ஆச்சி அடுப்பைவிட்டு அசைய முடியாது. ஆனாலும் அவர்களை யாரும் பின்மாறிப்போனவர்கள் என்று எழுதவில்லை. ஊர்ச் சபையை நடத்திய உபதேசியார் என்ன செய்தார் தெரியுமா? சீசனில் மாலை ஜெபத்துக்கு மணி அடிக்காமல் காத்திருப்பாராம். கடைசி ஆள் மரத்தைவிட்டு இறங்கி, மரமேற உதவும் மிருக்குத்தடியைச் சாய்த்து, கை கால் கழுவினான் என்று தெரிந்த பிறகுதான் மணி. சில நாள் எட்டரை மணியாகுமாம். சுண்ணாம்பும் பதநீரும் மணக்கிற உடம்போடு தாத்தா பாயில் உட்கார்ந்து பாட்டுப் பாடியதை ஆச்சி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த உபதேசியார் பெரிய இறையியல் படித்தவர் அல்ல. வேலைக்காரன் வருகிற நேரம் எதுவோ அதுதான் மணி அடிக்கிற நேரம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இப்போது நம் கோயிலில் முதல் மணி, இரண்டாம் மணி, மூன்றாம் மணி எல்லாம் அந்தந்த நிமிடத்தில் ஒலிபெருக்கியில் கேட்கின்றன. நான் பஸ்ஸில் ஏறும்போது முதல் மணி அடிப்பது கேட்கும்.

கல்லூரியில் படித்த ஒன்றையும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ரோம ராஜ்யத்தில் ஓய்வு நாளானது கி.பி. 321-ல், கான்ஸ்டன்டைன் ஆணை போட்ட பிறகு. அந்த ஆணையிலும் வயல் வேலைக்கு விலக்கு இருந்தது. அதற்கு முன்பு ஏறக்குறைய முந்நூறு வருடம், கிறிஸ்தவர்களுக்கு ஞாயிறும் வேலை நாள்தான். சுமார் 112-ல் பித்தினியா நாட்டு அதிகாரி பிளினி பேரரசன் டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினான். இந்தக் கிறிஸ்தவர்கள் குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமென்று பாடுகிறார்கள் என்று அதில் இருக்கிறது. அதை உறுதிப்படுத்திக்கொள்ள அவன் சித்திரவதை செய்து விசாரித்தது இரண்டு அடிமைப் பெண்களை. சபையில் ஊழியம் செய்தவர்கள் அவர்கள். விடியுமுன் ஏன் கூடினார்கள் என்று அந்தக் கடிதம் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். விடிந்தால் அந்த இரண்டு பெண்களும் எஜமான் வீட்டில் நிற்க வேண்டும்.

பவுல் பிலிப்பி பட்டணத்துக்குப் போனபோது ஆற்றங்கரையில் அவர் பேச்சைக் கேட்டு இருதயம் திறக்கப்பட்டவள் லீதியாள். அவள் இரத்தாம்பரம் விற்கிறவள். துணி விற்கிற பெண்! எங்கள் சாப்பாட்டு அறையில் கிறிஸ்தவப் பிள்ளைகள் நாலு பேர் இருக்கிறோம், அந்த அதிகாரத்தைப் போனில் திறந்து வாசித்த நாளில் எங்களுக்கு உண்டான மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது? கொரிந்து சபைக்கு அவர் எழுதியதும் எங்களுக்கு எழுதியதுபோலவே இருக்கிறது. அங்கே முந்தி வந்தவர்கள் முந்திச் சாப்பிட்டார்கள், இன்னொருவன் பசியாயிருந்தான். பவுல் சொன்ன தீர்வு மூன்றே வார்த்தை: "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்." நற்கருணையைப் பற்றிப் பேசுகிற அதே அதிகாரத்தில், ஆண்டவர் அப்பத்தைப் பிட்ட இரவைச் சொல்லி முடித்த கையோடு, இதை எழுதுகிறார்.

அந்த இரவு ஞாயிறு அல்லவே. பெரிய வியாழனன்று இரவு 7 மணிக்கு நாம் எல்லோரும் நற்கருணை எடுக்கிறோம், யாரும் அதை ஒழுங்கு மீறல் என்று சொல்வதில்லை. கிறிஸ்மஸ் அன்று விடியற்காலை 4 மணி ஆராதனைக்குக் கோயில் நிறைகிறது. டிசம்பர் 24 இரவு கடை அடைக்க நடுச்சாமம் ஆகிவிடும். நாங்கள் வீட்டுக்கு வந்து, படுத்தால் எழும்ப முடியாது என்று படுக்காமலே உட்கார்ந்திருந்து, அப்படியே கோயிலுக்கு வருகிறோம். வருடம் தவறாமல் வருகிறோம். நேரம் எங்களுக்குத் தோதாக இருந்தால் தூக்கத்தை விட்டுவிட்டாவது வருவோம் என்பதற்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

நேரலையில் பார்க்கலாமே என்று சொல்வீர்கள். பார்க்கிறேன், அதன் பதிவைச் செவ்வாய்க்கிழமை துணி துவைத்துக்கொண்டே பார்க்கிறேன். பிரசங்கம் போனில் வரும், அப்பம் வராது. கொரோனா ஊரடங்கில் எல்லோருக்கும் இது தெரிந்ததுதானே. அப்போது கடையும் பூட்டியிருந்தது. இந்த வேலைக்கு வந்த பிறகு வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருந்த காலம் அது ஒன்றுதான். அந்த மாதங்களில் கோயிலும் பூட்டியிருந்தது. திரும்பத் திறந்து முதல் நற்கருணை நடந்த நாளில் பலர் அழுதார்கள் என்று மாமியார் வந்து சொன்னார். நான் அன்று வேலைக்குப் போய்விட்டேன். நீங்கள் சில மாதம் பட்ட ஏக்கத்தைத்தான் நாங்கள் வருடக்கணக்கில் பட்டுக்கொண்டிருக்கிறோம்.

சபை இரண்டாகப் பிரிந்துவிடும் என்று ஒரு பயம் இருக்கலாம். அது நியாயமான பயம், அலட்சியம் செய்யமாட்டேன். நகரத்துப் பெரிய கோயில்களில் முதல் ஆராதனைக்காரர்களும் இரண்டாம் ஆராதனைக்காரர்களும் ஒருவரையொருவர் அறியாமலே வாழ்கிறார்கள். எனக்கும் அது வேண்டாம். அதனால்தான் உங்களையும் வரச் சொல்கிறேன். பென்ஷன் வாங்குகிற பெரியவர்கள் ஐந்து மணிக்கே எழுந்து நடைப்பயிற்சிக்குப் போகிறீர்கள், மாதத்தில் ஒரு நாள் கோயில்வரை நடந்து வாருங்கள். என் பக்கத்தில் முழங்காற்படியிடுங்கள்.

ஐயரவர்களின் பாரத்தை அறியாமலும் கேட்கவில்லை. ஒரு ஞாயிறில் மூன்று சபைகளுக்கு மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு, வாரநாள் ஒன்றும் இல்லாமல் போய்விடுமோ என்ற தயக்கம் எனக்கு உண்டு. ஆகவே செய்யக்கூடியதையெல்லாம் நாங்கள் செய்கிறோம். முந்தின நாள் இரவே கோயிலைப் பெருக்கி வைப்போம். பீடத்துணியைத் துவைத்து இஸ்திரி போட்டுத் தருவேன், துணி என் தொழில். நூற்பாலைத் தம்பி மணி அடிப்பான். பாட்டுக்கு ஆர்கன் வேண்டாம், வாயாலேயே பாடுவோம். பிரசங்கம் ஐந்து நிமிடம் போதும். ஆராதனை முடிந்ததும் ஐயரவர்களுக்குக் காலைச் சாப்பாடு எங்கள் வீடுகளில் முறைவைத்துத் தருவோம். நைட் டியூட்டி முடித்து வரும் நர்சுகளுக்கு 6 மணி தோதுப்படாது, அவர்களுக்காகச் சில மாதம் மாலையில் வைக்க முடியுமா என்றும் பாருங்கள். எந்தக் கிழமை என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். எனக்குச் செவ்வாய் வசதி என்பதற்காகச் செவ்வாய் கேட்கவில்லை. காலை 6 மணி என்றால் எந்தக் கிழமையானாலும் 8.10 பஸ்ஸைப் பிடித்துவிடலாம்.

கடைகளில் நாள் முழுவதும் நிற்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-ல் நம் சட்டமன்றம் சட்டம் இயற்றியது. அதன் பிறகுதான் எங்கள் பிரிவில் ஸ்டூல் வந்தது. நரம்புச் சுருட்டு வந்து காலில் துணி சுற்றிக்கொண்டு நிற்கும் அக்காமார் முதல் நாள் அதில் உட்காரவே கூச்சப்பட்டார்கள். சென்னையில் இருக்கும் அரசாங்கத்துக்கு எங்கள் கால்வலி எட்டியிருக்கிறது. நீங்கள் எங்களைப் பெயர் சொல்லி அறிந்தவர்கள், எங்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்த சபை. உங்களுக்கு எட்டாமல் போகாது என்று நம்பித்தான் எழுதுகிறேன்.

பதிவேட்டில் எழுதியதை அடிக்க வேண்டும் என்றுகூட இப்போது கேட்கவில்லை. ஒரு வருடம் இந்த ஆராதனையை வைத்துப் பாருங்கள். பிறகு அந்த இடத்தில் எது உண்மையோ அதை எழுதிக்கொள்ளுங்கள்.

வரும் ஞாயிறு கமிட்டி கூடும்போது இதன் ஒரு பிரதியை என் மாமியார் கொண்டுவருவார். கமிட்டி முடியும்வரை வெளியே வேப்பமரத்தடியில் காத்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவருக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கள். பதிலை அவரிடமே சொல்லி அனுப்புங்கள். இரவு 10.30 மணிக்கு எனக்குக் கிடைத்துவிடும்.

கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரி,
பட்டுச்சேலைப் பிரிவில் வேலை செய்யும்
உங்கள் சபை அங்கத்தினள்